கேட்டால்தான் சொல்வார்கள்

இடுப்புத்தளத் தசைகளுக்கான சிகிச்சையைக் கற்றுக்கொண்டு முதல் வேலையில் சேர்ந்திருக்கும் பிசியோதெரபிஸ்ட் பிள்ளைகளுக்கும் செவிலியர் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். என் வேலைக்காலம் முழுவதும் திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்து மருத்துவமனைகளிலேயே கழிந்தது. நான் பார்த்த பெண்களில் பாதிக்கு மேல் வயலிலும் பீடித் தட்டிலும் உழைத்தவர்கள். சிறுநீர்க் கசிவு, அடி இறக்கம், மலத்தை அடக்க முடியாமை, தாம்பத்தியத்தில் வலி என்று ஏதோ ஒன்றோடு பத்து வருடம், இருபது வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு வருவார்கள். அவற்றில் பெரும்பகுதி குணமாகக்கூடியது, மிச்சம் குறையக்கூடியது. போன வருடங்களைத் திருப்பித் தர யாராலும் ஆகாது. இனி வரும் வருடங்கள் உங்கள் கையில் இருக்கின்றன.

1. நீங்களாகக் கேளுங்கள். இந்தக் குறையைச் சொல்லிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள். முட்டி வலி என்பார்கள், இடுப்புப் பிடித்துக்கொண்டது என்பார்கள். எல்லாம் முடிந்து, பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய், நிலையில் கை வைத்துத் திரும்பி, "இன்னொண்ணு கேக்கணும்னு நெனச்சேன் டாக்டரம்மா... சரி, அது கெடக்கட்டும்" என்பார்கள். அந்த நேரத்தில் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். கதவைச் சாத்திவிட்டு மறுபடி உட்காரச் சொல்லுங்கள்.

"வேற ஏதாவது தொந்தரவு உண்டா?" என்று பொதுவாகக் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: "தும்மும்போது, இருமும்போது சொட்டுதா? எந்திச்சுப் போறதுக்குள்ள வந்திருதா? அடியில ஏதோ எறங்குன மாதிரி கனமா இருக்கா? வெளிக்கிப் போக முக்க வேண்டியிருக்கா? காத்துப் பிரியுறது ஒங்க கட்டுல இருக்கா?" ஒவ்வொன்றையும் ரத்த அழுத்தம் கேட்கிற அதே குரலில் கேளுங்கள். குரல் தாழ்ந்தால் அவர்களும் வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று எடுத்துக்கொள்வார்கள். கூட வந்த மாமியாரையும் கணவரையும் முதலில் வெளியே உட்காரச் சொல்லிவிடுங்கள்.

வாயால் சொல்லாததைப் பழக்கவழக்கம் சொல்லும். ஓர் ஆச்சி எப்போதும் பெஞ்சின் நுனியில்தான் உட்காருவார், அதுவும் கக்கூஸ் இருக்கும் பக்கமாக. பேத்தியின் கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானத்தோடு தண்ணீரை நிறுத்திவிட்டதாக மகள் சொன்னார். பழைய வாயில் புடவையைக் கிழித்து நாலாக மடித்து வைத்துக்கொண்டிருந்தார். அது நனைந்து காய்ந்து, தொடை இடுக்கெல்லாம் புண். மகளுக்கு அதுவரை தெரியாது. ஒரே வீடு, ஒரே அறை.

2. உங்களுக்கு முதலில் அந்த இடம் தெளிவாகத் தெரிய வேண்டும். முன்னே பூப்பெலும்பு, பின்னே வால் எலும்பு, இரண்டு பக்கமும் இடுப்பெலும்பு. இந்தச் சட்டத்துக்குள் கயிற்றுக் கட்டிலின் பின்னல் போல இழுத்துக் கட்டிய தசைகள். லெவேட்டர் ஏனை என்கிற தசைத் தொகுதிதான் அதில் பெரும்பங்கு. அதன் மேல் மூத்திரப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றும் அமர்ந்திருக்கின்றன. பெண்ணுக்கு மூன்று வழி, ஆணுக்கு இரண்டு வழி அதன் ஊடே இறங்குகின்றன. தாங்குவது அதன் வேலை, வழிகளை மூடிவைப்பது அதன் வேலை, நேரம் வரும்போது விட்டுக்கொடுப்பதும் அதன் வேலைதான். புதிதாக வருகிறவர்கள் முதல் இரண்டை நினைவில் வைத்துக்கொண்டு மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள்.

மூச்சை உள்ளே இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்குகிறது. அதோடு இந்தத் தளமும் சற்றே இறங்கும். மூச்சு வெளியேறும்போது இரண்டும் மேலே வரும். இதை உங்கள் உடம்பில் உணர்ந்து பார்க்காமல் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கப் போகாதீர்கள். இடுப்பெலும்பின் மாதிரி உரு ஒன்றை அறையில் வைத்திருங்கள். அதை அவர்கள் மடியில் கொடுத்து, "இதுதான் உங்க வால் எலும்பு, பின்னால கை வச்சுப் பாருங்க" என்று சொல்லுங்கள். நான்கு பிள்ளை பெற்றவருக்குக்கூடத் தன் உடம்பில் மூத்திரம் வருகிற வழியும் பிள்ளை வருகிற வழியும் வேறு வேறு என்று தெரியாமல் இருந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சொல்லித் தர ஆள் இல்லாமல் போனதுதான் காரணம்.

3. ஏன் வந்தது என்று பொறுமையாகத் தேடுங்கள். சுகப்பிரசவம் ஒரு காரணம். முக்கும் கட்டம் நீண்டு போவது, ஆயுதம் போட்டு எடுப்பது, எடை கூடிய பிள்ளை, ஆசனவாய் வரை கிழிவது எல்லாம் பாதிப்பைக் கூட்டும். சிசேரியன் ஆனவர்களுக்கு வராது என்று எண்ண வேண்டாம். கர்ப்பத்தைச் சுமந்ததே இந்தத் தசைக்குப் பாரம்தான். மாதவிலக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அந்த இடத்துத் திசு மெலிந்து வறண்டுபோகும். தீராத இருமல், தீராத மலச்சிக்கல், உடல் பருமன், தினசரிச் சுமை ஆகிய நான்கும் பிள்ளையே பெறாதவரையும் விட்டுவைக்காது.

எங்கள் பக்கத்துப் பீடித் தொழிலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. எழுந்தால் கணக்குக் குறையும். காலையில் சுளகை மடியில் வைத்தால் சோற்றுக்குத்தான் எழுவார். மூத்திரம் முட்டினாலும் "இந்தக் கட்டு முடியட்டும்". அடிக்கடி எழ வேண்டாமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை. புகையிலைத் தூள் மூக்கில் ஏறி ஏறி நாள் முழுக்க இருமல். இருமும் ஒவ்வொரு தடவையும் வயிற்றின் அழுத்தம் கீழ்நோக்கி இடிக்கிறது. தண்ணீர் குடிக்காததால் மலம் இறுகுகிறது, அதற்கு முக்க வேண்டியிருக்கிறது. இப்படி ஒருவருக்கு நீங்கள் பயிற்சி மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பினால் என்ன பயன்? இருமலுக்கு நெஞ்சு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இத்தனை பீடிக்கு ஒருமுறை என்று வைத்து இடையிடையே எழுந்து நடக்க வேண்டும், பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் இருக்க வேண்டும் என்று அவர் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும்.

எடையைப் பற்றிப் பேசும்போது மனம் புண்படாமல் பேசுங்கள், ஆனால் பேசாமல் விடாதீர்கள். 2009-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் பருமனும் கசிவும் உள்ள 338 பெண்களைப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் சராசரியாக 8 சதவீத எடை குறைத்தவர்களுக்கு வாரத்தில் கசியும் தடவைகள் 47 சதவீதம் குறைந்தன. வெறும் ஆலோசனை மட்டும் பெற்ற மற்றக் குழுவில் 28 சதவீதம். 75 கிலோ இருப்பவர் ஆறு கிலோ குறைத்தால் போதும் என்று சொன்னால் நம்பிக்கை வருகிறது.

4. கசிவு என்றால் எல்லாம் ஒரே கசிவு என்று எண்ணாதீர்கள். இருமல், தும்மல், குடம் தூக்குதல், சிரிப்பு இவற்றோடு சொட்டினால் அழுத்தக் கசிவு. திடீரென்று முட்டிக்கொண்டு வந்து, கதவுப் பூட்டைத் திறப்பதற்குள் நனைந்துபோனால் அவசரக் கசிவு. இரண்டும் கலந்தும் வரும். முன்னதற்குத் தசையைப் பலப்படுத்துவது முதல் வைத்தியம். பின்னதற்கு மூத்திரப்பையைப் பழக்க வேண்டும்.

மூன்று நாள் கணக்கு எழுதிவரச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று விட்டுவிடாதீர்கள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில், குடித்த டம்ளருக்கு ஒரு கோடு, போய்வந்ததற்கு ஒரு புள்ளி, துணி நனைந்தால் ஒரு வட்டம். முடிந்தால் ஒரு நாள் மட்டும் அளவு போட்ட பிளாஸ்டிக் குவளையில் பிடித்து அளக்கட்டும். பகலில் 7, 8 முறை போவது இயல்பு. இரவில் ஒருமுறை எழுவது பெரிய குறையில்லை. நிறைந்த பை 400 முதல் 500 மில்லி வரை தாங்கும். குவளையில் ஒவ்வொரு முறையும் 100 மில்லிதான் என்றால் பை நிறையும் முன்பே போய்க்கொண்டிருக்கிறார். "எதுக்கும் ஒருக்கா போயிட்டு வந்திருவோம்" என்கிற பழக்கத்திலிருந்து தொடங்கிய வினை அது.

அவசரம் வந்ததும் ஓடச் சொல்லாதீர்கள். நின்ற இடத்தில் நின்று, அல்லது உட்கார்ந்து, தளத்தை நாலைந்து முறை விரைவாகச் சுருக்கி விடட்டும். அந்த அலை தணிந்த பிறகு நிதானமாக நடக்கட்டும். வழக்கமான இடைவெளியோடு 15 நிமிடம் கூட்டி, அது பழகியதும் இன்னொரு 15 நிமிடம். ஆறு வாரமாவது இதைச் செய்ய வேண்டும். தண்ணீரைக் குறைக்கவே கூடாது. குறைத்தால் மூத்திரம் கெட்டியாகிப் பையை இன்னும் எரிச்சலூட்டும். காப்பி, டீயைக் குறைக்கட்டும். சாயந்தரத்துக்குப் பிறகு குடிக்கும் அளவைச் சற்று முன்னால் நகர்த்தட்டும்.

5. சுருக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் உங்கள் தொழிலின் மையம். அதற்கு நேரம் கொடுங்கள். அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-ல் இந்தப் பயிற்சியைக் கட்டுரையாக எழுதியபோதே, தசை சுருங்குகிறதா என்று அளக்க ஒரு கருவியும் வைத்திருந்தார். அந்தக் கருவியை விட்டுவிட்டு அவர் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டோம். "வீட்டுல கெகல் பண்ணுங்க" என்று சீட்டில் எழுதி அனுப்புவது சிகிச்சையாகாது. வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்து, பிறகு சோதித்த ஓர் ஆய்வு 1991-ல் வந்தது. சரியாகச் செய்தவர்கள் ஏறக்குறையப் பாதிப்பேர். நான்கில் ஒருவர் மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்கினார். அது கசிவைக் கூட்டும் செயல்.

நான் சொல்லித்தரும் முறை இது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கட்டும். நாலைந்து மூச்சு நிதானமாக. பிறகு, "மூச்சு விடும்போது, காத்துப் பிரியாம பின்பக்கத்தை மூடுங்க. மூடினதை விடாம முன்பக்கம் கொண்டாங்க, ஒண்ணுக்கை நிப்பாட்டுத மாதிரி. இப்ப ரெண்டையும் உள்ள மேல தூக்குங்க." உங்கள் கண் அவர் முகத்தில் இருக்கட்டும். பல்லைக் கடித்தால், மூச்சை அடக்கினால், புட்டம் தூக்கினால், தொடை இறுகினால் தப்பு. அடிவயிறு லேசாக உள்ளே போகலாம், வெளியே உப்பக் கூடாது. அவரது கையையே துணிக்கு மேல் அந்த இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். சரியாகச் செய்தால் கையை விட்டு உள்ளே விலகும், தப்பாகச் செய்தால் கையைத் தள்ளும். இந்த ஒரு சோதனையைக் கற்றுக்கொண்டு போகிறவர் வீட்டில் வழி தவற மாட்டார். கண்ணாடி பிடித்துப் பார்க்கிறேன் என்பவர்களுக்கு அதைக் காட்டிக்கொடுங்கள்.

உள்பரிசோதனை தேவைப்பட்டால், முறையான பயிற்சி பெற்ற பிறகே செய்யுங்கள். என்ன செய்யப் போகிறீர்கள், எதற்காக என்று முழுதும் சொல்லி, சம்மதம் வாங்கி, உதவிக்கு இன்னொரு பெண்ணை வைத்துக்கொண்டு செய்யுங்கள். "வேண்டாம்" என்றால் அந்தச் சொல்லோடு நிறுத்திவிடுங்கள். நடுவில் "போதும்" என்றாலும் அப்படியே. தொட்டுப் பார்க்காமலும் சிகிச்சை தொடங்கலாம்.

அளவு: ஒரு தடவைக்குக் குறைந்தது 8 சுருக்கம், நாளைக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். மூன்று விநாடிதான் பிடிக்க முடிகிறது என்றால் மூன்றிலிருந்தே தொடங்கி, மெல்ல மெல்லப் பத்து விநாடிக்குக் கொண்டுவரலாம். எவ்வளவு நேரம் பிடித்தாரோ அவ்வளவு நேரம் முழுதாக விட வேண்டும். கடைசியில் வேகமான சுருக்கம் சில. முதலில் படுத்து, பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று. நிற்கும்போதுதானே கசிகிறது, நிற்கும் நிலைக்குக் கொண்டுவராமல் பயிற்சியை முடிக்காதீர்கள். காலையில் பல் தேய்த்ததும், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன், விளக்கு வைத்த பிறகு என்று ஏற்கெனவே இருக்கிற வேலையோடு முடிச்சுப் போட்டுக் கொடுத்தால் மறக்காது. மூத்திரம் போகும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழகும் முறை வேண்டாம். பை முழுதாகக் காலியாகாமல் போகும்.

இன்னொன்று: இருமுவதற்குச் சற்று முன்பே, குடத்தைத் தூக்குவதற்கு முன்பே தளத்தைச் சுருக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இதைக் கற்றுக்கொண்ட ஒரே வாரத்தில் இருமும்போது கசிவது கணிசமாகக் குறையும் என்று 1998-ல் ஓர் ஆய்வு காட்டியது. தசை பலம் பெற மாதங்கள் ஆகும். இந்த நேரக் கணக்கு சீக்கிரமே கைவந்துவிடும். அந்தச் சின்ன வெற்றிதான் மிச்சப் பயிற்சியைத் தொடரச் செய்யும்.

6. எல்லாருக்கும் இறுக்கப் பயிற்சி கொடுக்காதீர்கள். சிலருடைய தசை ஏற்கெனவே இறுகிப்போய், விடத் தெரியாமல் இருக்கும். தாம்பத்தியத்தில் வலி, மூத்திரம் விட்டு விட்டு வருதல், எவ்வளவு முக்கினாலும் மலம் முழுதாக இறங்காமை, உட்கார்ந்தால் அடியில் வலி, இவை அதன் அடையாளங்கள். அவர்களைச் சுருக்கச் சொன்னால் வலி கூடும். அவர்களுக்கு வயிறு விரியும் மூச்சு, குழந்தை போல மண்டியிட்டுக் குனிந்து படுக்கும் நிலை, வெந்நீர் ஒத்தடம், தசையை விடும் பயிற்சி ஆகியவை வேண்டும்.

கல்யாணமாகி ஒரு வருடம் ஆன பெண்ணை, "இன்னும் ஒண்ணும் விசேஷம் இல்ல" என்று மாமியார் அழைத்துவருவார். ஸ்கேன் எல்லாம் எடுத்திருப்பார்கள். ரத்தமெல்லாம் பார்த்திருப்பார்கள். அந்தப் பெண்ணைத் தனியாக உட்காரவைத்து, வலிக்கிறதா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தொடப் போகும்போதே தொடைகள் இரண்டும் சேர்ந்துவிடும், உடம்பு முழுவதும் விறைக்கும். அவள் வேண்டுமென்று செய்வதில்லை. அவளுக்குப் பிடிவாதம், படிப்புத் திமிர், புருஷன்மேல் விருப்பமில்லை என்று வீட்டில் பேசிய பேச்சையெல்லாம் சுமந்துகொண்டு அங்கே உட்கார்ந்திருப்பாள். இது தசை தானாக இறுகிக்கொள்ளும் நிலை, இதற்குச் சிகிச்சை இருக்கிறது, இதில் உன் குற்றம் எதுவும் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிறகு மூச்சு, பிறகு அவள் கையால் அவளே தொட்டுப் பழகுவது, பிறகு சிறிய அளவிலிருந்து தொடங்கும் விரிப்பான்கள். வேகத்தை அவள் தீர்மானிக்க வேண்டும். தேவைப்பட்டால் மனநல ஆலோசகரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணவரிடம் பேச அவள் சம்மதித்தால் அவரிடமும் பேசுங்கள். பல நேரம் அவரும் பயந்துபோய்த்தான் இருப்பார். குடும்பத்தாருக்கு விளக்கம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

7. மலச்சிக்கலைச் சரிசெய்யாமல் தளத்தைச் சரிசெய்ய முடியாது. தினமும் முக்குகிறவர் உங்கள் பயிற்சியைத் தினமும் அழித்துக்கொண்டிருக்கிறார். குந்தி உட்காரும்போது மலக்குடலைச் சுற்றிப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து வழி நேராகிறது. முட்டி தேய்ந்து வெஸ்டர்ன் கக்கூஸுக்கு மாறியவர்கள் காலடியில் ஒரு முக்காலியோ கவிழ்த்த பிளாஸ்டிக் பெட்டியோ வைத்து, முழங்கால் இடுப்புக்கு மேல் வரும்படி முன்னால் சாய்ந்து உட்கார வேண்டும். சாப்பிட்டதும் குடல் தானாக அசையும், காலைப் பலகாரத்துக்குப் பிறகு அரை மணிக்குள் போய் உட்காருவது நல்லது. வாயை மூடி முக்க வேண்டாம். வாயால் மூச்சை விட்டுக்கொண்டே வயிற்றை உப்பவிட்டால் போதும். கீரை, வாழைத்தண்டு, கொய்யா, கேப்பைக் கூழ், தண்ணீர். இதற்கு மேல் நீட்ட வேண்டியதில்லை.

8. பச்சை உடம்புக்காரியிடம் தனியாகப் பேசுங்கள். பிரசவம் ஆனவள் தாய் வீட்டில் இருக்கும் மாதங்கள் உங்களுக்குக் கிடைத்த பொற்காலம். அவளுடைய அம்மாவையும் சேர்த்து உட்காரவையுங்கள். அம்மாவுக்கும் அதே தொந்தரவு இருக்கும், அங்கேயே வெளிவரும். மூத்திரக் குழாயை எடுத்து, தானாகப் போகத் தொடங்கியதும் வலி அனுமதிக்கும் அளவுக்கு மெல்லிய சுருக்கங்களைத் தொடங்கலாம். வயிற்றில் துணி கட்டுவதை ஒரேயடியாக மறுத்து வீட்டாரோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆனால் மூச்சு முட்ட இறுக்கினால் அந்த அழுத்தமெல்லாம் கீழேதான் இறங்கும், தளர்த்திக் கட்டச் சொல்லுங்கள். குளிர்ச்சி என்று காய்கறியையும், வயிறு வைக்கும் என்று தண்ணீரையும் நிறுத்துவதுதான் எனக்கு மிகப் பெரிய வருத்தம். பால் கொடுக்கிறவளுக்குத் தண்ணீர் கூடுதலாக வேண்டும். மலம் இறுகித் தையலில் முக்கினால் யாருக்கு நல்லது?

கிழிசல் எந்த அளவு என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். மூன்றாம், நான்காம் நிலை என்றிருந்தால் ஆசனவாய்த் தசை வரை கிழிந்திருக்கிறது என்று பொருள். அவளிடம் காற்றும் மலமும் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். மூத்திரம் சொட்டுவதைச் சொல்கிறவர்கள்கூட இதைச் சொல்லமாட்டார்கள். புருஷனிடமும் சொல்லாமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போகாமல் இருந்துவிடுவார்கள். மூன்று மாதம் கழித்தும் எந்தக் கசிவாவது தொடர்ந்தால், "போகப் போகச் சரியாயிரும்" என்று யார் சொன்னாலும் நீங்கள் அப்படிச் சொல்லாதீர்கள்.

9. அடி இறக்கம் என்றதும் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று பேசுவது எங்கள் ஊர்களில் மிகச் சாதாரணமாகிவிட்டது. இதில் எனக்குக் கோபம் உண்டு. இறங்குவது கருப்பையாக மட்டும் இருப்பதில்லை. யோனியின் முன்சுவரோடு மூத்திரப்பை இறங்கலாம், பின்சுவரோடு மலக்குடல் இறங்கலாம். தாங்கும் தளம் தளர்ந்திருக்கும்போது மேலே இருந்த ஒன்றை எடுத்துவிட்டால் தளம் பலமாகிவிடாது. எடுத்த பிறகு மிச்சமிருக்கும் யோனியின் மேல்பகுதியே இறங்கி வந்தவர்களையும் பார்க்கிறோம். ஆரம்ப நிலை இறக்கத்துக்குப் பயிற்சி நல்ல பலன் தரும். வெளியே தெரியும் அளவு இறங்கினாலும் சிலிகான் பெசரி வளையம் வைத்துத் தாங்கச் செய்யலாம், அதோடு நாற்று நடவுக்குக்கூடப் போகலாம். குறித்த நாளில் வந்து எடுத்துக் கழுவி மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மாதவிலக்கு நின்றவருக்கு உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் பற்றி மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். அறுவை சிகிச்சை வேண்டியவர்கள் உண்டு. அவர்களை நல்ல கைகளுக்கு அனுப்புங்கள். முடிவெடுக்கும் முன் பயிற்சி, வளையம், அறுவை என்ற மூன்று வழியும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

காலையில் லேசாக இருந்து சாயந்தரம் கனம் கூடுகிறது, படுத்தால் உள்ளே போய்விடுகிறது என்பார்கள். அதனால் காலை நேரத்தில் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்லையே" என்று அனுப்பிவிடாதீர்கள். நிற்கவைத்துப் பாருங்கள்.

10. ஆண்களுக்கும் இந்தத் தளம் உண்டு. புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குக் கசிவு வருவது சகஜம். அறுவைக்கு முன்பே பயிற்சியைக் கற்றுக்கொடுத்துவிட்டால் பின்னால் எளிது. மூத்திரம் போய்விட்டு வந்த பிறகு வேட்டியில் சொட்டுகிறது என்கிற பெரியவருக்கும் இதே பயிற்சி பயன்படும். உங்களிடம் பேசக் கூச்சப்பட்டால் ஆண் பிசியோதெரபிஸ்டை ஏற்பாடு செய்யுங்கள்.

11. சிலவற்றை நீங்கள் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. மூத்திரத்தில் ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தப்போக்கு, காய்ச்சலோடு எரிச்சல், சிரமப் பிரசவத்துக்குப் பிறகு இரவும் பகலும் நிற்காத ஒழுக்கு என்றால் உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள். முதுகு வலியோடு மூத்திரம் வராமல் அடைத்துக்கொண்டு, உட்காரும் இடம் மரத்துப்போனால் அது அவசரம். முதுகுத்தண்டின் கீழ் நரம்புகள் நசுங்கியிருக்கலாம். அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும், மறுநாள் வரை காக்கவைக்காதீர்கள்.

12. அறைக்கு வெளியேயும் உங்களுக்கு வேலை உண்டு. கக்கூஸ் இல்லாத இடத்தில் எட்டு மணி நேரம் அடக்கிவைக்கும் பெண்ணுக்குப் பயிற்சித் தாள் என்ன செய்யும்? ஜவுளிக்கடைப் பிள்ளைகள் காலை முதல் இரவு வரை நின்றே தீர வேண்டியிருந்த நிலையில், உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டம் திருத்தப்பட்டது. உங்களிடம் வரும் பிள்ளைக்கு அந்த இருக்கை நிஜமாகவே கிடைக்கிறதா என்று கேளுங்கள். பள்ளிக்கூடத்துக்குப் பேச அழைத்தால், மேடை ஏறும் முன் பெண்பிள்ளைகளின் கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் இல்லையென்றால், தண்ணீர் இல்லையென்றால், அதைத் தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டுப் பேசத் தொடங்குங்கள். நடந்து வர முடியாத ஆச்சிமாருக்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் போகிறார். முட்டிக்கும் பக்கவாதத்துக்கும் போகும் அந்தப் பிள்ளை முதலில் சொன்ன ஐந்து கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம். கேட்கச் சொல்லிக்கொடுங்கள்.

13. அனுப்பிவிட்டு மறந்துவிடாதீர்கள். இரண்டாவது வாரத்தில் ஒரு போன். முறை தவறியிருந்தால் அப்போதே திருத்தலாம். ஆறாவது வாரத்தில் நேரில் வரச் சொல்லி மறுபடி சோதியுங்கள். எத்தனை துணி மாற்றினீர்கள் என்பதோடு, பஸ்ஸில் போனீர்களா, கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தீர்களா, தண்ணீர் குடித்தீர்களா என்றும் கேளுங்கள். அவர்கள் எதற்காக உங்களிடம் வந்தார்களோ அது அங்கேதான் இருக்கிறது. பன்னிரண்டாவது வாரத்திலும் மாற்றம் தெரியவில்லை என்றால், நீங்கள் அளந்த தசை பலத்தையும், மூன்று நாள் கணக்கையும், இதுவரை செய்த பயிற்சியையும் எழுதி இணைத்து மகளிர் மருத்துவரிடமோ சிறுநீரியல் மருத்துவரிடமோ அனுப்புங்கள். அங்கே போய் அவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து வாயால் சொல்ல வேண்டியிராமல் அந்தச் சீட்டு சொல்லட்டும்.